போர்ட்டலுக்கு மாட்யூல் எழுதப்போற மருமவனுக்கு

மருமவனே, நீ கெட்டிக்காரன். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் கெடையாது. அதனாலதான் ராத்திரி தூக்கம் வரல.

நூலகத்துக்காரங்க குடுத்த பழைய பாட்டு, கதை, தலபுராணம் எல்லாம் டெக்ஸ்ட் ஃபைலா முந்நூத்திச் சொச்சம் கெடக்கு, அதை அவுக ட்ரூபல் போர்ட்டல்ல ஏத்தணும், "ரெடிமேடா எதுவும் சரிப்படல மாமா, நானே ஒரு மாட்யூல் எழுதிருதேன்"னு ஃபோன்ல சொன்ன பாரு, அந்தத் தெம்பைக் கேட்டு என் மூஞ்சி போன போக்கைப் பாத்துட்டு உங்க அத்த கேட்டா: "என்ன, கெட்ட சேதியா?"

நானோ உளுந்து வெதைக்கிறவன். ஒரு காலத்துல பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வச்சு, ஊருப் பிள்ளைகளுக்கு மெயில் ஐ.டி. போட்டுக் குடுத்தவன். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்யத இருக்கு? வாய் சும்மா இருக்க மாட்டேங்கு, சொல்லுதேன். கேட்டாக் கேளு. கேக்காட்டி இன்னும் நல்லது. "அன்னைக்கே சொன்னேன்"னு சொல்லிக்கிட்டுத் திரியலாம்.

உங்க மேனேஜர் "எல்லாத்தையும் டேட்டாபேஸ்ல போடு"ன்னாராம்ல. அவரு பெரிய மனுசர். ஒவ்வொரு ஃபைலையும் தொறந்து, காப்பி பண்ணி, நோடுல ஒட்டி, சேவ் பண்ணின்னு ஆள் வச்சுச் செஞ்சா மணிக்கணக்குல பில் போடலாம். அவரு பக்கமும் ஞாயம் இருக்கு. மைக்ரேட்னு ட்ரூபல் கோர்லயே ஒரு மாட்யூல் இருக்குன்னும், அதை வச்சு ஆளே இல்லாம ஏத்திரலாம்னும் அவருகிட்டச் சொல்லிராத, பாவம்.

நெசத்தச் சொன்னா, நாலு பேரு உக்காந்து எழுதி, ஒருத்தர் திருத்தி, இன்னொருத்தர் ஒப்புதல் குடுத்து, பழைய பிரதி, புதுப் பிரதின்னு வச்சுக்கிட வேண்டிய எடத்துல நோடுதான் லாயக்கு. உன் சரக்கு அப்படிப்பட்டதா? எழுதுனவுக போயி நூறு வருசம் ஆச்சு. அவுக இனி வந்து திருத்தப் போறதில்ல. ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் நோட்பேடுல தொறந்து, எப்பவாச்சும் ஒரு றகரத்தை ரகரமா மாத்துவாரு, அவ்வளவுதான். அந்த மனுசருக்கு ஃபைலு போதும். "ஃபைலாவே கெடக்கட்டும், மாட்யூல் படிச்சுக் காட்டட்டும்"னு நீ சொன்னது சரிதான். ஒனக்கு அது சோம்பேறித்தனத்துல தோணுனதா இருந்தாலும் சரிதான்.

எங்க காலத்துல பி.எச்.பி-நியூக்னு ஒண்ணு இருந்துச்சு. பிரான்சிஸ்கோ பர்சிங்கிறவரு 2000-ல விட்டது. மாட்யூல்ஸ்னு ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள உன் பேருல ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள ஒரு இண்டெக்ஸ் ஃபைலு. மேல ஹெடரை இழு, கீழ ஃபுட்டரை இழு, நடுவுல உன் சரக்கு. அட்மின்ல போயி ஆக்டிவேட்னு தட்டுனா மெனுவுல ஏறிக்கிடும். டீ ஆறுறதுக்குள்ள ஒரு மாட்யூல். அப்போ நாங்களும் கெட்டிக்காரங்கதான். அந்த மாட்யூல்ல பாதிக்கு மொதல் வரியில எரெகின்னு ஒரு ஃபங்ஷனைப் போட்டு, இந்தப் பக்கத்தை நேரடியாத் தொறக்காங்களான்னு பாப்போம். 2015 கடைசியில வந்த பி.எச்.பி. 7-ல அந்த ஃபங்ஷனையே எடுத்துட்டாக. அன்னைக்கு எத்தனை பக்கம் வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு நின்னுச்சு தெரியுமா?

உன் ட்ரூபல் பெரிய எடம்னு சொல்லாத. 2011 ஜனவரி 5-ல ட்ரூபல் 7 வந்துச்சு. 2025 ஜனவரி 5-ல அதுக்குக் காரியம் முடிஞ்சுது. நடுவுல 2015-ல ட்ரூபல் 8 வந்தப்போ மாட்யூல் எழுதுத முறையையே தலைகீழா மாத்திட்டாக. ஹுக் மெனுன்னு ஒண்ணுலதான் அதுவரைக்கும் முகவரி எல்லாம் எழுதுவாக. அது போயே போச்சு. பழைய மாட்யூலை ஏத்துக்கிடாது, மறுபடி எழுதணும். ஆனா 1998 பொங்கல் அன்னைக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்தப் பாரு. டிஸ்கியில இருந்த நூலெல்லாம் யூனிகோடுக்கு வந்தாச்சு. எழுத்தாக்க முறையே மாறியும் சரக்கு போகல. வெறும் டெக்ஸ்டா இருந்ததால மாத்தி எடுத்துக்கிட முடிஞ்சுது. டோக்குவிக்கி 2004-ல இருந்து டேட்டாபேஸே இல்லாம, ஒரு ஃபோல்டர் நெறைய டெக்ஸ்ட் ஃபைலை வச்சுக்கிட்டே குடும்பம் நடத்துது.

அதனால போர்ட்டல்ங்கிறது வாடகை வீடு மருமவனே. ஆணி அடி, படம் மாட்டு. செவுரை இடிச்சு அலமாரி கட்டாத. மாட்யூல் எம்புட்டு ஒல்லியா இருக்கோ அம்புட்டுக்கு நல்லது. ஃபைலைத் தேடணும், படிக்கணும், காட்டணும். "லைக் பட்டன் வைக்கட்டுமா மாமா"ன்னு கேட்டியே, தலபுராணத்துக்கு எதுக்குலே லைக்?

சரி, எழுது. மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள்ள கஸ்டம்னு ஒண்ணு, அதுக்குள்ள உன் மாட்யூல் பேருல ஒண்ணு. பேரு இங்கிலீஷ் சின்ன எழுத்துல இருக்கணும். நடுவுல எடம் விடக்கூடாது, அடிக்கோடு போட்டுக்கோ. உன் காதலி பேரை வைக்காத. மாட்யூல் பேரைப் பொறவு மாத்துறது பெரும்பாடு, காதலி எப்படியோ. உள்ள ஒரு இன்ஃபோ ஃபைலு: பேரு, வகை மாட்யூல், எந்த ட்ரூபலுக்கு ஆகும். அடுத்து ஒரு ரவுட்டிங் ஃபைலு: எந்த முகவரிக்கு எந்தக் கன்ட்ரோலர். ரெண்டும் ஒய்.எம்.எல். அதுல டேப் தட்டக்கூடாது, ஸ்பேஸ்தான். ஒத்த டேப் விழுந்தாலும் போர்ட்டல் மூஞ்சியத் திருப்பிக்கிடும், நீ கன்ட்ரோலர்ல குத்தம் தேடிக்கிட்டு விடிய விடிய உக்காந்திருப்ப. கன்ட்ரோலர் எஸ்.ஆர்.சி. ஃபோல்டருக்குள்ள இருக்கணும், அங்க பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பேதம் உண்டு. உன் விண்டோஸ் லேப்டாப்புல எல்லாம் ஓடும். சர்வரு லினக்ஸு, அங்கன ஓடாது. "என் மிஷின்ல ஓடுதே"ன்னு நீ சொல்லுவ. அதைக் கேக்க எனக்கு ஆசை.

ரவுட்டிங்ல யாருக்கு அனுமதின்னு எழுதாட்டி ட்ரூபல் ஒருத்தரையும் உள்ள விடாது. நல்ல பழக்கம். ஆனா நீ என்ன செய்வ? பக்கம் வரலன்னதும் கூகுள்ல தேடி, ஆக்சஸ் ட்ரூன்னு ஒத்த வரிய ஒட்டுவ. எல்லாருக்கும் தொறந்தாச்சு! பாட்டைக் காட்டுத பக்கத்துக்கு அது போகட்டும். நாளைக்கு ஃபைலை அப்லோடு பண்ண ஒரு பக்கம் எழுதுவ, அதே வரி அங்கயும் ஒட்டிக்கிட்டுப் போகும். அன்னைக்கு உன் நூலகத்துல ஊரு பேரு தெரியாத எழுத்தாளர்களெல்லாம் நூல் வெளியிடுவாக. பாட்டைக் காட்டுத பக்கத்துக்கும் "உள்ளடக்கம் பாக்க அனுமதி உள்ளவர்"ங்கிற பெர்மிஷன் இருக்கு, அதைப் போடு.

இனிதான் சோலியே. இதுக்கு முன்ன சொன்னதெல்லாம் மறந்தாலும் பரவால்ல.

வாரவன் ஒரு பேரு சொல்லுவான். உன் மாட்யூல் அந்தப் பேருல உள்ள ஃபைலை எடுத்துக் குடுக்கணும். நீ எழுதி அனுப்பிச்சதப் பாத்தேன். முகவரி கடைசியில கேள்விக்குறி, ஃபைல், சமம், பேரு. அந்தப் பேரை அப்படியே எடுத்து, ஃபோல்டருக்குப் பின்னால ஒட்டி, இன்க்ளூட். ஒத்த வரி. என்ன சிக்கனம்! என்ன பெருந்தன்மை!

ஒருத்தன் வந்து பேரு எடத்துல ரெண்டு புள்ளி, ஒரு சாய்கோடு, மறுபடி ரெண்டு புள்ளி, ஒரு சாய்கோடுன்னு போடுதான்னு வச்சுக்கோ. ஒவ்வொரு ரெண்டு புள்ளிக்கும் ஒரு ஃபோல்டர் மேல ஏறுவான். ஏறி, சைட்ஸ், டிஃபால்ட், செட்டிங்ஸ்.பி.எச்.பி-ன்னு எறங்குவான். டேட்டாபேஸோட பாஸ்வேர்டு அங்கதானே கெடக்கு? நீ இன்க்ளூட் போட்டிருக்கதால அது ஓடும், திரையில தெரியாதுன்னு தெம்பாச் சொல்லுவ. சரி, இன்க்ளூட் ஆபத்துன்னு யாராச்சும் சொல்லி, நீ ஃபைலை அப்படியே படிக்கிற ஃபங்ஷனுக்கு மாறுனேன்னா பாஸ்வேர்டு பச்சையாத் திரையில வந்து நிக்கும். இன்க்ளூடாவே வச்சிருந்தா அதைவிடக் கேடு: ஃபைலு பேரு டெக்ஸ்ட்டுன்னு முடிஞ்சாலும் அதுக்குள்ள பி.எச்.பி. எழுதியிருந்தா இன்க்ளூடு அதை ஓட்டிரும். வாத்தியாரோட தலபுராணத்துக்குள்ள எவனோ நாலு வரி சொருகிட்டான்னா, உன் சர்வரு அவனுக்குக் கைகட்டிச் சேவகம் பண்ணும்.

எங்க நியூக்குல இதுக்கு ஒரு வேடிக்க உண்டு. மாட்யூல் பேருல யாராச்சும் ரெண்டு புள்ளி சேத்துத் தட்டுனா, "நீ பெரிய ஆளுதான்..."ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஒரு வரிய மட்டும் காட்டிட்டு அது பாட்டுக்கு நின்னுக்கிடும். எனக்கு அந்த வரி மேல இன்னும் பிரியம். ஆனா அதே நியூக்குல எஸ்.க்யூ.எல். வழியா உள்ள பூந்தவங்க கொஞ்ச நஞ்சமா? ஒரு வாசல்ல நக்கலடிச்சா மட்டும் போதாது.

அதனால இப்படிச் செய். கேள்விக்குறிய விடு. பேரை முகவரியோட ஒரு துண்டா ரவுட்டிங்ல வை. சின்ன எழுத்து, எண், இடைக்கோடு தவிர வேற எதுவும் அதுல வரக்கூடாதுன்னு அங்கயே எழுதலாம். புள்ளியும் சாய்கோடும் வாசப்படியே ஏறாது. பொறவு கன்ட்ரோலர்ல, வந்த பேரை ஃபைலு பாதையா மாத்தவே மாத்தாத. மொதல்ல ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு நீயா ஒரு பட்டியல் எடு. அந்தப் பட்டியல்ல இந்தப் பேரு இருக்கா? இருந்தா, பட்டியல்ல உள்ள பாதையத் தொற. இல்லாட்டி 404. ஃபோல்டரையும் வெப் ஃபோல்டருக்கு வெளிய, அதுக்குப் பக்கத்துல வை. பிரவுசர்ல நேராத் தட்டி எடுக்க முடியாது. படிக்கதுக்கு ஃபைல் கெட் கன்டென்ட்ஸ். இன்க்ளூடை மறந்துரு.

"இதெல்லாம் ட்ரூபல் பாத்துக்கிடாதா மாமா?" பாத்துக்கிடும். 2014 அக்டோபர் 15-ல ட்ரூபல் 7 கோர்லயே எஸ்.க்யூ.எல். ஓட்டைன்னு அறிவிச்சாக. ரெண்டு வாரம் கழிச்சு அவுகளே சொன்னாக: அறிவிப்பு வந்து 7 மணி நேரத்துக்குள்ள பேட்ச் போடாத தளமெல்லாம் போச்சுன்னே வச்சுக்கோங்கன்னு. உலகம் பூரா ஆயிரக்கணக்குல ஆளுக பாக்குற கோருக்கே அந்தக் கதி. உன் மாட்யூலை யாரு பாப்பா? ட்ரூபலோட செக்யூரிட்டி டீமுக்கு உன் கஸ்டம் ஃபோல்டர்ல என்ன இருக்குன்னே தெரியாது. நீயும் நானுந்தான். எனக்குக் கண்ணாடி வேற மாத்தணும்.

ஃபைலுக்குப் பேரு வைக்கிற விசயத்துல நீ தமிழ்ப் பற்றக் காட்டுனியாமே. பொங்கல்.டெக்ஸ்ட்! நெஞ்சு நெறஞ்சுது. யூ.டி.எஃப்-8-ல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூணு பைட்டு. பொங்கலுக்கு ப, ொ, ங, புள்ளி, க, ல, புள்ளின்னு ஏழு குறி, 21 பைட்டு. வாத்தியாரு மகன் ஒரு பழைய மேக் வச்சிருக்கான்ல? அதோட டிஸ்க்கு ஃபைலு பேரை ஏத்துத போதே ொ-வப் பிரிச்சு, முன்ன ஒரு ெ, பின்ன ஒரு ா-ன்னு ரெண்டா வச்சிரும். இப்போ அதே பொங்கல் 24 பைட்டு. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற. நீ ஃபோல்டர்ல பாக்க, பொங்கல் இருக்கும். போர்ட்டல்ல பாக்க, பொங்கல் இல்லன்னு சொல்லும். பி.எச்.பி-யோட பேஸ்நேம் ஃபங்ஷனும் சர்வரோட லொக்கேல் செட்டிங்கைப் பாத்துத்தான் வேல செய்யும். அது சரியில்லாட்டி தமிழ்ப் பேரு உருப்படியா வருமான்னு சொல்ல முடியாது. தலபுராணத்துக்கு உள்ள மொழுநீளத் தலைப்பை அப்படியே பேரா வச்சேன்னா அதுக்கும் முடிவு உண்டு. லினக்ஸ்ல ஃபைலு பேரு 255 பைட்டு வரைக்குந்தான், தமிழ்ல 85 குறி. அதனால ஃபைலுக்கு இங்கிலீஷ் எழுத்துல குட்டிப் பேரு. தமிழ்த் தலைப்பு ஃபைலோட மொதல் வரி. உன் தமிழ்ப் பற்றுக்கு ஒரு கொறையும் வராது, பாட்டு பூரா தமிழ்லதான இருக்கு.

அந்த மொதல் வரியில இன்னொண்ணு. நோட்பேடு சில சமயம் ஃபைலு தொடக்கத்துல கண்ணுக்குத் தெரியாத மூணு பைட்டு வைக்கும், பி.ஓ.எம்.னு பேரு. நீ மொதல் வரியத் தலைப்பா எடுத்து அகர வரிசையில அடுக்குவ. அது ஒட்டுன தலைப்பெல்லாம் 'ஔ'வுக்கும் 'ஹ'வுக்கும் அப்பால கடைசியில போயி நிக்கும். ஏன்னு புரியாம வாத்தியாருகிட்ட வரிசையக் கேப்ப. அவரு சரியாத்தான் சொல்லுவாரு. படிச்ச ஒடனே அந்த மூணையும் வெட்டிரு.

காட்டுத எடத்துல பிளெய்ன் டெக்ஸ்டாக் குடுத்தீன்னா எதையும் ஓட்டாம எழுத்தா மட்டும் காட்டும், நல்ல காரியம். ஆனா வெண்பா நாலு வரியும் ஒரே வரியா ஓடும், எச்.டி.எம்.எல்-லுக்கு வரி முறிவு வெறும் எடைவெளிதான். ஒடனே நீ எல்லா வரிக்கும் பி.ஆர். போடக் கெளம்பாத. ஸ்டைல்ல ஒய்ட்-ஸ்பேஸ் ப்ரீ-லைன்னு ஒத்தச் சொல்லு. முடிஞ்சுது.

கேச் விசயம் வரும், அப்போ நீ அழுவ. வாத்தியாரு றகரத்தத் திருத்திருவாரு. போர்ட்டல்ல பழைய றகரமே நிக்கும். அவரு உனக்குப் ஃபோன் போடுவாரு. நீ ட்ரஷ் சி.ஆர். அடிச்சு மொத்தக் கேச்சையும் தொடைச்சுட்டு "இப்போ பாருங்க சார்"ம்ப. சாயங்காலம் இன்னொரு றகரம். மேக்ஸ்-ஏஜ் பூஜ்யம்னு போட்டுத் தப்பிச்சிரலாம்னு பாப்ப. லாகின் பண்ணாம வாரவங்களுக்குன்னு உள்ள பேஜ் கேச், ட்ரூபல் 10-ல அதைச் சட்டையே பண்ணாது. உன் பக்கத்துக்கு ஒரு கேச் டேக் குடு. கிரான் ஓடுத போதெல்லாம் ஃபைலு மாறுன நேரத்தப் பாத்து, மாறியிருந்தா அந்த டேக்கை மட்டும் செல்லாதுன்னு அறிவி. மத்த பக்கமெல்லாம் அது பாட்டுக்கு வேகமாப் போகும். வாத்தியாரும் உன்னத் தொந்தரவு பண்ண மாட்டாரு, ரகரத்துக்கு ஞாயம் கெடைக்கும்.

தேடல் பெட்டியில பாட்டு வராது. கோர்ல உள்ள சர்ச் நோடைத்தான் தேடும்; உன் ஃபைலு அதுக்குக் கண்ணுல படாது. கிளையன்ட் அதைத்தான் மொதல்ல தட்டிப் பாப்பாரு, எழுதி வச்சுக்கோ. அதுக்குத் தனியா ஒரு சர்ச் பிளகின் எழுதணும், அதுக்குத் தனி ரேட்டுன்னு இப்பவே சொல்லிரு. காட்டுன பொறவு சொன்னா அது உன் குத்தம்னு ஆகிரும்.

சர்வர்ல ஏத்துனதும் "பெர்மிஷன் டினைட்"னு வந்தா, 777 அடிக்கணும்னு கை துடிக்கும். அடிக்காத. மாட்யூல் அந்த ஃபோல்டரைப் படிச்சாப் போதும், எழுத வேண்டிய அவசியமே இல்ல. எழுதுறது வாத்தியாரு வேலை. அவரு திருத்துனது கிட் வழியா வரட்டும். யாரு எந்த வரிய என்னைக்கு மாத்துனாருன்னு தானா நிக்கும், நோடுல உண்டுன்னு சொன்னேனே, அந்தப் பழைய பிரதி சங்கதியும் ஓசியில கெடைக்கும். வாத்தியாருக்கு கிட் வராதும்ப. யாப்பிலக்கணம் படிச்ச ஆளுலே அவரு, நாலு கமாண்டு வராதா?

கிளையன்ட்டுக்குக் காட்டுததுக்கு முந்தின நாளு ஒரு காரியம் பண்ணு. சோதனை சர்வர்ல மாட்யூலை அன்-இன்ஸ்டால் பண்ணு. அது போகுதான்னு பாரு. ஃபைலெல்லாம் எண்ணிக்க கொறையாம அப்படியே இருக்கான்னு பாரு. போர்ட்டல் மத்தபடி நல்லா ஓடுதான்னு பாரு. மறுபடி இன்ஸ்டால் பண்ணு, எல்லாப் பாட்டும் திரும்ப வருதான்னு பாரு. எதாச்சும் காணாமப் போயிருந்தா எனக்குப் ஃபோன் போடு, எந்நேரமானாலும் எடுப்பேன். ஒண்ணும் போகலன்னா எனக்குப் போடாத, உங்க அத்தைக்குப் போடு. அவ உனக்கு ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கா. பொண்ணுக்கு கம்ப்யூட்டர்காரன் வேண்டாமாம், எப்படியாச்சும் பேசிச் சம்மதிக்க வைக்கணுமாம்.